இலை உதிராமல் காய்ந்த குதிரைமசால்

மாரெட்பள்ளியில் எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில், பங்குனியும் சித்திரையும் கிழக்குப் பக்கத்துப் பாதி என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கூழ் வடகம் என்றால் நான்தான் என்று கட்டடமே ஒப்புக்கொண்டதால் வந்த உரிமை அது. எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தது. ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு என்று இந்த ஊர் உருது எங்கள் தமிழில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் வெயிலில் எதைப் போட்டாலும் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் எங்கள் வீட்டுப் பெண்களை விட்டுப் போகவில்லை. வண்டு விழுந்த அரிசி, மழைக்காலத்தில் வாடை வந்த ரவை, பூத்துப்போன புளி, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். உதறு, வெயிலில் போடு, எடுத்து வை. இந்த வைத்தியத்தால் ஒரு பசுவின் வயிற்றில் நான் கைவைத்துவிட்டேன். அதைத்தான் எழுத வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஏ.எஸ்.ராவ் நகர் பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் காலையில் பார்க்கில் கை வீசி நடப்பார்கள். இவர் மாடு வாங்கினார். கூட வேலை பார்த்த சிநேகிதர் ஒருவருக்கு, ஏ.எஸ்.ராவ் நகரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அரை ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. அவரும் செகந்திராபாத் தமிழர்தான். இருவரும் சேர்ந்து அங்கே ஒரு கொட்டகை போட்டு நான்கு பசுக்களைக் கட்டினார்கள். மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தெலுங்குக்கார அக்கா இருந்தார். பிறந்ததிலிருந்தே மாட்டோடு வளர்ந்தவர். எனக்கும் மாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். சாணி வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, வாரம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்க் குறை சொல்லிவிட்டு வருவேன்.

நான்கில் ஒன்று செவலை. சிவப்புத் தோல், நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் முதல் முதலாக வாங்கிய மாடு அதுதான். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் என்னிடம் கேட்காத கேள்வியெல்லாம் அதனிடம் கேட்பார். "தூங்கினியா? தண்ணி போதுமா? வெயில் ரொம்ப அடிக்குதா?" எனக்குப் பொறாமை என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், பொறாமைதான்.

போன வருஷம் ஆவணியில் விடாமல் மழை. வைக்கோல் போர் நனைந்து, பிரித்தால் வெள்ளையும் கறுப்புமாகப் பூஞ்சை. அக்கா ஒரு கட்டைக் கொண்டுவந்து காட்டிக் கையை விரித்தார். செவலை அப்போது ஐந்து மாதச் சினை. என் வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கேட்காத இடத்தில் புத்தி சொல்வதில் நான் கெட்டிக்காரி.

"மேலாக்கத்தானே பூத்திருக்கு? நல்லா உதறி வெயில்ல போட்டுக் குடுங்க. இதுக்குப் போய் ஒரு போர் வைக்கோலை யாராச்சும் குப்பையில கொட்டுவாங்களா?"

மழை விட்டிருந்த இரண்டு நாள் வெயிலில் உதறிப் போட்டார்கள். காய்ந்தது. கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் செவலை மாதம் நிறையாமலே கன்றை வீசிவிட்டது.

மாட்டு டாக்டர் ஒரு சின்னப் பெண். நாமக்கல்காரி. கணவருக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்பதால் ஊர் மாறி வந்தவர். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா பூசணம் புடிச்ச தீனி சினை மாட்டுக்கு வெசமுங்க. வெயில்ல காஞ்சா பூசணம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வெசம் அதுலயேதான் இருக்கும்."

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி அழுது தீர்த்திருப்பேன். ஒருவரும் ஒன்றும் சொல்லாததுதான் கொடுமை.

அதற்குப் பிறகு செவலை தேறவே இல்லை. விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். அதுபோல எந்தக் காய்ந்த தீனியைக் கொண்டுபோனாலும் நீளமாக முகர்ந்து பார்க்கும், மூக்கால் புஸ்ஸென்று ஊதும், தலையைத் திருப்பிக்கொள்ளும். பச்சைப்புல் மட்டும் கொஞ்சம் இறங்கும். நான் கையில் வைத்து நீட்டினால் அந்தப் பச்சையைக்கூடப் பத்துத் தடவை முகரும். மாட்டுக்கு என்ன தெரியும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ அதற்கு எல்லாம் தெரியும் என்றுதான் தோன்றியது.

பருவத்துக்கும் வரவில்லை. சினை ஊசி போட வழியில்லை. சிநேகிதர் ஒருநாள் என் எதிரிலேயே பேச்சை எடுத்தார்.

"கைக்கு இதை வச்சுக்கிட்டுக் கஷ்டப்படறே? எடம் பத்தாம தவிக்கிறோம். வர்ற ஆடி பொறக்கறதுக்குள்ள சினை நிக்கலேன்னா கோசாலையில விட்டுரலாம். அங்க நல்லாத்தான் பாத்துப்பாங்க."

"சரி" என்றார் என் வீட்டுக்காரர். நிலம் சிநேகிதருடையது, வேறென்ன சொல்வார்? அன்று வீட்டில் ரசத்தை இரண்டாம் முறை கேட்கவில்லை. செவலை போனால் இந்த மனுஷனும் பாதி போய்விடுவார் என்று எனக்குப் புரிந்தது. அதற்குக் காரணம் என் வாய் என்பதும் புரிந்தது.

டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். தேற்ற என்ன வழி?

"புரதம் வேணுமுங்க. குதிரைமசால்னு தீவனப்பயிர் இருக்குதுங்க, அதைப் போடுங்க. போர்ல தண்ணி இருக்கற வரைக்கும் பச்சையாக் குடுக்கலாம். சித்திரையில போர் வத்திருமில்லீங்களா, அதுக்கு இப்பவே கொஞ்சம் காயவச்சுச் சேத்துக்கோங்க. காயவைக்கறதுதான் சூட்சுமம்."

"காயவைக்கறதா? ஹவ், அதை என்கிட்ட விடுங்க" என்றேன். வடகக்காரியிடம் காயவைக்கச் சொல்லித் தரவேண்டுமா என்ன!

தீபாவளி முடிந்து விதைத்த குதிரைமசால் ஜம்மென்று வந்தது. முழங்கால் உயரம், மூன்று மூன்றாக இலை, அங்கங்கே ஊதாப் பூ தலைகாட்டும்போது அறுக்க வேண்டும். மாசி மாத அறுப்பு முழுவதையும் காயவைக்க எடுத்துக்கொண்டேன். களத்தில் மெல்லிசாகப் பரப்பி, உச்சி வெயிலில் மணிக்கு ஒருதரம் புரட்டினேன். வடகத்துக்கு அப்படித்தான். அடி ஈரம் போக வேண்டும், மடமடவென்று ஒடிய வேண்டும். மூன்றாம் நாள் அள்ளியபோது நான் எதிர்பார்த்தபடி மடமடவென்று ஒடிந்தது. பெருமையோடு அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா ஒரு கைப்பிடி எடுத்தார். உதறினார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஆகு ஏதம்மா?"

இலை எங்கே அம்மா என்று கேட்டார். அப்போதுதான் நான் பார்த்தேன். என் கையில் இருந்தது வெறும் குச்சி. இலையெல்லாம் நான் புரட்டப் புரட்டப் பொடிந்து, களத்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. மிச்சமிருந்த ஒன்றிரண்டும் வெளுத்து வைக்கோல் நிறம். செவலையிடம் கொண்டுபோனோம். முகர்ந்தது, ஊதியது, தலையைத் திருப்பிக்கொண்டது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எலதானுங்க சாப்பாடு. தண்டு வெறும் வெறகு."

என் மூக்கு உடைந்தது போதாது என்று, ஒரு மாத அறுப்பும் போயிற்று. இன்னும் ஒரு அறுப்புக்குத்தான் போரில் தண்ணீர். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மாட்டுத் தீவனம் காய்ந்துவிட்டது என்று அழுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

நான்கு நாள் கழித்துச் சமையலறையில் கறிவேப்பிலைப் பொடிக்கு இலை ஆய்ந்துகொண்டிருந்தேன். பழக்கப்படி ஒரு வேட்டித் துணியில் பரப்பி, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டு அப்படியே நின்றேன். அட முட்டாளே! கறிவேப்பிலையை என்றைக்காவது நான் வெயிலில் காட்டியிருக்கிறேனா? நிறம் போய்விடும், மணம் போய்விடும் என்று மருமகளிடம் எத்தனை தடவை அலட்டியிருக்கிறேன்? இலையை இலை மாதிரிக் காயவைக்காமல் மாவு மாதிரிக் காயவைத்திருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. டாக்டருக்குப் போன் செய்தேன்.

"அதேதானுங்கம்மா! அரை நாள் வெயில்ல வாடட்டும். அப்புறம் நெழலு, காத்து. காலங்காத்தால எல கொஞ்சம் பதமா இருக்குமே, அப்பப் பொரட்டுங்க. உச்சி வெயில்ல தொடவே தொடாதீங்க."

பங்குனி அறுப்பு. பனி உலர்ந்ததும் அறுத்தோம். மத்தியானம்வரை வயலில் வாட விட்டோம். பிறகு கொட்டகைக்கு வெளியே தாழ்வாரத்தில், என் பழைய புடவைகள் பதினொன்றை விரித்து அதன்மேல் பரப்பினோம். உதிரும் இலை புடவையிலேயே தங்கும், வாரிக்கொள்ளலாம். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தீபாவளிக்கு எடுத்த புடவையும் அதில் இருந்தது. "இதையுமா?" என்றார் வீட்டுக்காரர். "சும்மா அலமாரியில கெடந்து என்ன பண்ணுது?" என்றேன். தினமும் விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். குழந்தையைப் புரட்டிப் போடுவதுபோலப் புரட்டினேன். இரண்டாம் நாள் இலை பச்சையாகவே சுருங்கியது. டீத்தூள் டப்பாவைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு மணம். சாணி வாடைக்கு மூக்கைப் பொத்தியவள் அந்தத் தாழ்வாரத்தில் மூச்சை இழுத்து இழுத்து விட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேற்கே கறுத்துவிட்டது. ஹைதராபாத்தின் கோடை மழை சொல்லிக்கொண்டு வராது, வந்தால் ஆலங்கட்டியோடு வரும். தாழ்வாரத்துக்குப் பக்கச்சுவர் கிடையாது. சாரலடித்தால் எல்லாம் போச்சு. உள்ளே மாடுகள் நிற்கும் இடத்தில் ஈரம்.

"நம்ம மாடியில தகரக் கூரை இருக்கே!" என்றேன்.

"மாரெட்பள்ளியிலயா?" என்றார் அவர்.

"பின்ன டில்லியிலயா? டிராலி ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

புடவையோடு புடவையாக மூட்டை கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு, நான் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில் பிடித்துக்கொண்டது மழை. பதினொரு மூட்டையை மூன்று மாடி ஏற்றி, வடகம் போடும் கூட்டம் மழைக்கு ஒதுங்கும் தகரக் கூரையின் கீழ் பிரித்தோம். வாடை கீழே போனதும் கட்டடச் சங்கச் செயலாளர் மேலே வந்தார். நல்ல மனுஷர்தான், கொஞ்சம் சட்டம் பேசுவார்.

"மேடம், இது அபார்ட்மெண்டா, மாடு கட்டற தபேலாவா?"

"நாலு நாளைக்குத் தபேலா. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு அத்தனை வடகமும் இதே எடத்துல போட்டப்போ நீங்க எதுவும் கேக்கலையே?"

அவர் பதில் சொல்வதற்குள் எதிர் வீட்டுப் பெண்கள் இருவர் தங்கள் மோர் மிளகாய்த் தட்டுகளை எடுத்து ஓரம் வைத்து இடம் பண்ணினார்கள். ஒருத்தி தன் வீட்டு மேசை விசிறியைக் கொண்டுவந்து மாட்டினாள். செயலாளர் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். "மணமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டு நாள் ஆயிற்று. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் டாக்டர் ஒரு பரீட்சை சொல்லியிருந்தார். நன்றாக உலர்ந்த ஊறுகாய் பாட்டிலில் பாதிவரை தீனியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஒரு ஸ்பூன் உலர்ந்த உப்புத்தூள் சேர்த்துக் குலுக்க வேண்டும். உப்பு உதிரியாக ஓடினால் கட்டி வைக்கலாம். கட்டி தட்டினால் உள்ளே ஈரம். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். குலுக்கினேன். உப்பு அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றது.

என் வீட்டுக்காரர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறுபடி மழை வரும்போலிருக்கு. கொஞ்சம்தானே ஒட்டியிருக்கு? கட்டிருவோம்மா. கொட்டகையில காத்துப் பட்டாச் சரியாயிடும்."

எனக்கு எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டுக் கத்தினேன்.

"கொஞ்சம்தானேன்னுதான் அன்னிக்கும் சொன்னேன்! மேலாக்கத்தானேன்னு சொன்னேன்! உங்க செவலையோட கன்னுக்குட்டியைக் கொன்னது நான். ஒரு வார்த்தை கேட்டீங்களா என்னை? ஒரு வார்த்தை திட்டினீங்களா?"

மிளகாய்த் தட்டுக்காரப் பெண்கள் மெதுவாகப் படியிறங்கிவிட்டார்கள். அவர் பாட்டிலைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

"நீ சொன்னே. அள்ளிப் போட்டது இந்தக் கைதானே? நாலு மாடு வச்சிருக்கேன், டாக்டருக்கு ஒரு போன் பண்ணத் தோணலையே எனக்கு? உன்னைத் திட்டினா அதையும் நான் ஒத்துக்கணும். அதான் வாயைத் திறக்கல."

இத்தனை மாதமும் நான் மட்டும் சுமப்பதாக நினைத்ததை அவரும் சுமந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்து. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி, அந்தப் பக்கத்துப் புடவையைப் புடிங்க" என்றேன். இருவருமாக எல்லாப் புடவையிலும் இருந்ததை மறுபடி மெல்லிசாகப் பரப்பினோம். இன்னும் இரண்டு நாள். பிறகு குலுக்கியபோது உப்பு கண்ணாடியில் மணல்போலச் சரசரவென்று ஓடியது. திரும்பக் கொட்டகைக்கே கொண்டுபோய், மரச்சட்டம் போட்டு, தரையில் படாமல், தளர்வாகக் கட்டி அடுக்கினோம்.

முதல் கட்டை அவிழ்த்து நான்தான் செவலைக்கு நீட்டினேன். முகர்ந்தது. ஊதியது. மறுபடி முகர்ந்தது. நான் மூச்சே விடவில்லை. நாக்கு வெளியே வந்து ஓர் இணுக்கைச் சுருட்டி இழுத்தது.

"திண்ட்டாந்தி அம்மா, திண்ட்டாந்தி!" தின்கிறது, தின்கிறது என்று அக்கா வாளியைத் தட்டிக் கத்தினார். மற்ற மூன்று மாடுகளும் திரும்பிப் பார்த்தன.

சித்திரை முழுக்க அதுதான் சாப்பாடு. புடவைகளிலிருந்து வாரிய இலைத்தூளைத் தவிட்டில் கலந்து வைத்தோம். விலா எலும்பு மறைந்தது. தோல் மினுங்கியது. சித்திரைக் கடைசியில் ஒரு காலை அக்கா போன் செய்து, செவலை ராத்திரியெல்லாம் கத்தியது என்றார். கொண்டாட்டமான கத்தல் அது, பருவத்துக்கு வந்த கத்தல். டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு பிடியையும் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வாங்கும். நான் நீட்டினால் இரண்டு தடவை. நியாயம்தான் என்று பொறுத்துக்கொண்டேன்.

ஆனியில் மழை தொடங்கிவிட்டது. ஆடி பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது டாக்டர் சினை பார்க்க வந்தார். சிநேகிதரும் குடையோடு வந்திருந்தார். அவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் நானும் அக்காவும் அடுக்கிலிருந்து தீனி எடுத்துக்கொண்டிருந்தோம். சுவரோரம் இருந்த ஒரு கட்டின்மேல் சாரல் பட்டு, ஒரு முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மீதி பச்சையாக, மணமாகவே இருந்தது. இருப்பே இன்னும் பத்துக் கட்டுதான். அந்த முனையை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் போடலாமா என்று அக்கா ஜாடையில் கேட்டார்.

"நக்கோ" என்றேன். கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய், மழையில் நனைந்தபடி எருக்குழியில் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பியபோது டாக்டரின் கை தோள்வரை செவலைக்கு உள்ளே இருந்தது. என் வீட்டுக்காரர் செவலையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். டாக்டர் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் சுருங்கியது.

"நின்னிருக்குதுங்க. ரெண்டு மாசத்துக்கு மேலயே ஆச்சு. நல்லா இருக்குதுங்க."

என் வீட்டுக்காரர் கொம்பை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சிநேகிதர் தொண்டையைச் செருமினார். "ஹவ், அப்போ என்ன, இருக்கட்டும். எடம் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம். கைக்கு எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

நான் போய் ஒரு பிடி குதிரைமசால் எடுத்து வந்தேன். சேலை நனைந்து, கையில் எருக்குழி மண்கூட இருந்திருக்கும். வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளியே நின்று, முகர்ந்து பார்க்க நேரம் கொடுக்க வேண்டுமே என்று கையை நீட்டினேன். செவலை முகரவில்லை. ஊதவில்லை. தலையை நீட்டி, நாக்கால் ஒரே சுருட்டாக அத்தனையையும் வாங்கிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்ப நீட்டினேன், அதையும் நக்கி எடுத்துக்கொண்டது.